ஆணிச் சக்கரப் பந்தயம்: ஒரே ஒரு தடவைதான் போக முடியும் என்றால் எந்த ஊர் ஐஸுக்குப் போகலாம்?

ஜனவரி பிறந்ததும் ஒரே கேள்வி பல ஊர்களிலிருந்து வர ஆரம்பித்துவிடும். நெதர்லாந்தின் ஐந்தோவனில் வேலை பார்க்கும் ஒருவர், பெர்லினில் மேற்படிப்புப் படிக்கும் தங்கை ஒருத்தி, ஸ்டாக்ஹோமில் குடும்பத்தோடு இருக்கும் அண்ணன் ஒருவர், கோயம்புத்தூரிலிருந்து எழுதும் தம்பி ஒருவன். எல்லோரும் கேட்பது இதுதான்: "ஐஸ் ஸ்பீட்வே வீடியோ பார்த்தேன். நேரில் ஒரு தடவையாவது பார்க்கணும். லீவும் பணமும் ஒரு பயணத்துக்குத்தான் இருக்கு. எங்கே போகட்டும்?"

ஐஸ் ஸ்பீட்வே என்றால் ஐஸ் தளத்தில் ஆணிச் சக்கர மோட்டார் சைக்கிள்களை ஓட்டும் பந்தயம். தனித்தனியாகப் பதில் எழுதி வந்ததை இங்கே ஒன்றாக எழுதிவிடுகிறேன். என் கணக்கில் நான்கு வழிகள் உண்டு: தென் ஜெர்மனியின் இன்ஸெல், நெதர்லாந்தின் ஹீரன்வேன், பெர்லின், வட ஸ்வீடனின் ஸ்ட்ரோம்சுண்ட் பக்கம். எது நல்லது என்பது, நீங்கள் எந்த ஐஸைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. யார் ஓட்டுகிறார்கள் என்பதைக் கூட அதற்கு அடுத்துதான் வைப்பேன்.

## புதிதாக வருபவர்களுக்கு

நான்கு பேர், நான்கு சுற்று, இடப்பக்கமாக மட்டுமே திரும்பும் முட்டை வடிவத் தளம். 500 சி.சி. ஒற்றை சிலிண்டர் எஞ்சின், எரிபொருள் மெத்தனால், இரண்டே கியர். பிரேக் கிடையாது. சக்கரங்களில் 30 மில்லிமீட்டர் வரை நீளமான இரும்பு ஆணிகள் திருகப்பட்டிருக்கும்: முன்னால் 90 போல, பின்னால் 200-க்கும் மேல். சக்கரத்தைச் சுற்றி ஏறக்குறைய தரைவரை இறங்கும் இரும்புக் காப்பு இருக்கும். விழுந்தவர் மேல் அந்தச் சக்கரம் ஏறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மண் தளத்து ஸ்பீட்வேயில் பின் சக்கரத்தை வழுக்கவிட்டு வளைவார்கள். இங்கே வழுக்கல் இல்லை. ஆணி ஐஸைக் கடித்துக்கொள்வதால் வண்டியை அப்படியே படுக்க வைத்துவிடலாம். இடப்பக்க ஹேண்டில்பார் முனை ஐஸை உரசிக்கொண்டு போகும். அதற்காகவே அந்தப் பக்கத்துப் பிடியை மேல்நோக்கி வளைத்து வைத்திருப்பார்கள். ஓட்டுபவர் இடது முழங்காலில் பழைய டயர்த் துண்டு ஒன்றைக் கட்டியிருப்பார், அந்த முழங்காலும் தரையைத் தொடும். வளைவின் ஓரத்தில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி வைப்பார்கள்.

ஒரு நாள் நிகழ்ச்சி என்றால் 16 பேர், 20 ஓட்டங்கள், ஒவ்வொருவரும் மற்ற எல்லோரையும் ஒரு தடவை சந்திப்பார்கள். முதல் இடத்துக்கு 3 புள்ளி, அப்புறம் 2, 1, 0. ஒரு ஓட்டம் ஒரு நிமிடத்தைச் சுற்றி முடிந்துவிடும். அதனால் தேநீர் வாங்கப் போக நேரம் பார்த்துத்தான் எழுந்திருக்க வேண்டும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

நான் பார்ப்பவை ஐந்து. ஐஸ் எப்படி உண்டானது, குளிரால் தானாக உறைந்ததா, குழாய் வைத்து உறைய வைத்ததா? அந்த இடத்துக்கு இந்த ஆட்டத்தில் என்ன பழக்கம் உண்டு? வளைவுக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கலாம்? சொன்ன நாளில் பந்தயம் நடக்கும் என்பதற்கு எவ்வளவு உறுதி? கடைசியாக, டிக்கெட் விலைக்கு மேல் பையும் உடம்பும் எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கும்?

முதல் அளவுகோலுக்கு ஏன் இத்தனை கனம் கொடுக்கிறேன் என்பதற்கு இந்த ஆட்டத்தின் வரலாறுதான் காரணம். அது ஏரியில் தொடங்கியது. ஆஸ்திரியாவின் ட்ஸெல் அம் ஸே ஊரில் 1937-லேயே உறைந்த ஏரியின் மேல் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் கயிறு கட்டி, ஸ்கீ அணிந்தவரை இழுத்துக்கொண்டு பந்தயம் விட்டிருக்கிறார்கள். ஆனால் ஏரி ஐஸை நம்பி ஆண்டுதோறும் ஓர் உலகப் போட்டியை நடத்த முடியாது. ஒரு வாரம் வெயில் அடித்தால் எல்லாம் போயிற்று.

மாதக்கணக்கில் நிச்சயமான குளிர் இருந்த இடம் சோவியத் யூனியன். மைதானத்து ஓடுதளத்தில் தண்ணீர் விட்டால் அது உறைந்து வசந்தம் வரை நிற்கும். உலக மோட்டார் சைக்கிள் சம்மேளனம் 1966-இல் தனிநபர் உலகப் போட்டியை அதிகாரபூர்வமாகத் தொடங்கியபோது வென்றவர் உஃபா நகரத்து கப்த்ரக்மான் காதிரோவ். 1966, 1968, 1969, 1971, 1972, 1973 என்று ஆறு பட்டங்கள். இடையில் 1970-இல் செக்கோஸ்லோவாக்கியாவின் அன்டோனின் ஷ்வாப், 1974-இல் அதே நாட்டின் மிலான் ஷ்பின்கா. அப்புறம் 1975-இலிருந்து 1978 வரை தொடர்ந்து செர்கெய் தரபாங்கோ. பட்டியலை இப்படியே படித்துக்கொண்டு போனால் சோவியத், ரஷ்யப் பெயர்களுக்கு நடுவே வேற்று நாட்டுப் பெயர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். குளிர்காலம் முழுக்கப் பயிற்சி செய்ய ஐஸ் கிடைத்தது, ஊருக்கு ஊர் கிளப் இருந்தது. இவை இரண்டும் சேர்ந்தால் வேறென்ன நடக்கும்?

வண்டிகள் மட்டும் வேறிடத்திலிருந்து வந்தன. செக்கோஸ்லோவாக்கியாவின் திவிஷோவ் ஊரில் ஏஸோ என்ற பட்டறை ஸ்பீட்வே வண்டிகள் செய்துவந்தது. 1964-இல் அது ஜாவாவோடு சேர்ந்தது. மைசூரில் தயாராகி நம் ஊர்த் தெருக்களில் ஓடியதே, அதே ஜாவாதான். அப்பாவின் வண்டி டேங்கில் பார்த்த பெயரை முதல் தடவை ஐஸ் தளத்தின் ஓரத்தில் நின்று படித்தபோது, எனக்கு ஒரு நிமிடம் தொண்டை அடைத்துவிட்டது.

மேற்கு ஐரோப்பாவுக்கு அந்தக் குளிர் இல்லை. அதனால் அவர்கள் வேக ஸ்கேட்டிங்குக்காகக் கட்டிய 400 மீட்டர் செயற்கைத் தளங்களைக் கடன் வாங்கினார்கள். முதலில் திறந்தவெளியில், அப்புறம் கூரைக்குக் கீழே. ஏரி, உறைந்த மைதானம், குழாய்த் தளம், கூரைத் தளம் என்று ஐஸ் மாற மாற ஆட்டமும் மாறியது. கீழே சொல்லும் நான்கு இடங்களில் எதற்குப் போனாலும் அந்தப் பாதையின் ஒரு கட்டத்தில்தான் போய் நிற்பீர்கள்.

## இன்ஸெல்: முதல் தடவை போகிறவருக்கு

பவேரியாவின் மலைக்கிராமம். இந்த ஊர் ஒன்றிலேயே அந்தப் பாதை முழுவதையும் நடந்து பார்த்துவிடலாம். ஊருக்கு மேலே காட்டுக்குள் ஃபிரில்லென்ஸே என்று ஒரு சின்ன ஏரி; 1960-ஐ ஒட்டி அங்கேதான் ஸ்கேட்டிங் வீரர்கள் பயிற்சி செய்தார்கள். 1965-இல் ஊருக்குள் செயற்கைத் தளம் வந்தது. 1970-களில் ஐஸ் ஸ்பீட்வே உலக இறுதிப் போட்டிகள் அங்கே நடந்தன. 2011-இல் அதே இடத்தில் மாக்ஸ் ஐக்கர் அரங்கம் கூரையோடு எழுந்தது. காலையில் ஏரிவரை நடந்துவிட்டு மதியம் பந்தயத்துக்கு வந்து உட்காரலாம். இப்படி வேறு எந்த ஊரிலும் முடியாது.

பந்தயம் வழக்கமாக மார்ச் நடுவில் வரும், சனி ஒரு சுற்று, ஞாயிறு ஒரு சுற்று. ஏன் மார்ச் என்று பலர் கேட்கிறார்கள். வேக ஸ்கேட்டிங் ஐஸ் மெல்லியது. முப்பது மில்லிமீட்டர் ஆணி அதைத் துளைத்துக் கீழே குழாய் பதித்த கான்கிரீட்டைத் தொட்டுவிடும். அதனால் ஸ்கேட்டிங் பருவம் முடிந்த பிறகு மேலே மேலே தண்ணீர் விட்டு ஐஸைத் தடிமனாக்கித்தான் பந்தயம் நடத்த முடியும். இரண்டு நாள் பந்தயத்துக்கு அப்புறம் அந்தத் தளம் உழுத வயல் போலத்தான் கிடக்கும், அதன் மேல் யாரும் ஸ்கேட் ஓட்ட முடியாது.

முதல் வளைவின் வெளிப்பக்கத்தில் நின்று பாருங்கள். தொடக்க நாடா எழும்பும், நான்கு எஞ்சின்களும் ஒரே குரலாகக் கத்தும், அடுத்த மூச்சில் நான்கு பேரும் இடப்பக்கம் சாய்ந்தபடி உங்களை நோக்கி வருவார்கள். மண் தளத்தில் பறப்பது புழுதி. இங்கே பறப்பது உடைத்த கல்லுப்பு மாதிரி ஐஸ். அது சட்டைக் காலருக்குள் விழுந்து முதுகில் கரையும். முதல் ஓட்டத்தில் வளைவு கண்ணாடி போல இருக்கும். ஐந்தாவது ஓட்டத்துக்குள் அதில் பள்ளம் விழுந்துவிடும். அதே வளைவில் உள்பாதை பிடித்தவர் குலுங்குவதும், வெளிப்பாதைக்குப் போனவர் பிடி கிடைத்துத் தாண்டிப் போவதும் கண்ணுக்கு நேராகத் தெரியும். அப்புறம் டிராக்டர் வந்து சுரண்டித் தண்ணீர் விட்டுவிட்டுப் போகும், எல்லாம் புதிதாகத் தொடங்கும். புகையில் ஒரு பழகிய வாசம் வரும். யோசித்துப் பார்த்தால் விளக்கெண்ணெய். எஞ்சினுக்கு ஆமணக்கு எண்ணெயை ஊற்றும் வழக்கம் இந்த ஆட்டத்தில் வெகுகாலமாக உண்டு. பாட்டி வீட்டு வாசத்தை ஆல்ப்ஸ் அடிவாரத்தில் மோந்து பார்க்கலாம்.

மறைந்திருக்கும் செலவு தங்குமிடம். ஊர் சின்னது, பந்தய வார இறுதியில் அறைகள் முன்னாலேயே போய்விடும். ரயில் டிரவுன்ஸ்டைன் வரைதான், அங்கிருந்து பேருந்து. மாலை ஓட்டங்கள் நீண்டால் கடைசிப் பேருந்தைத் தவற விடுவீர்கள். டிரவுன்ஸ்டைனிலேயே தங்குவதானால் திரும்பும் வழியை முதலில் உறுதி செய்துகொண்டு அப்புறம் டிக்கெட் வாங்குங்கள்.

## ஹீரன்வேன்: குழந்தைகளோடு போகிறவருக்கு

தியால்ஃப் அரங்கம் டச்சு ஸ்கேட்டிங்கின் கோயில். 1967-இல் திறந்தது, 1986-இல் கூரை போட்டார்கள். அஸென் நகரத் தளத்தில் பல பத்தாண்டுகள் நடந்துவந்த டச்சு ஐஸ் ஸ்பீட்வே பின்னால் இங்கே குடிவந்தது. உலகப் போட்டியின் சுற்று பெரும்பாலும் மார்ச் கடைசி அல்லது ஏப்ரல் தொடக்கத்தில் வரும். பருவத்தின் கடைசிச் சுற்றாக அமையும் ஆண்டுகளில் பட்டம் யாருக்கு என்பது இங்கேதான் முடிவாகும்.

உறுதி என்று பார்த்தால் நான்கில் இதுதான் முதல். வெளியே மழையோ வெயிலோ, உள்ளே ஐஸ் இருக்கும். இருக்கை வசதி, கழிவறை, சாப்பாடு எல்லாம் பெரிய அரங்கத்துத் தரம். ஹீரன்வேன் ரயில் நிலையம் ஸ்வோல்ல, லேவார்டன் தடத்தில் இருப்பதால் நாட்டின் எந்த மூலையிலிருந்தும் வரலாம். வெள்ளிக்கிழமை மாலையே முன்னோட்டமாக ஒரு கோப்பைப் பந்தயம் வைப்பதும் உண்டு, உலகச் சுற்றின் கூட்டம் இல்லாமல் நிதானமாகப் பார்க்க அது நல்லது.

ஆனால் கூரைக்குக் கீழே சத்தம் வெளியேற வழியில்லை. திறந்தவெளியில் காதைத் தொட்டுவிட்டுப் போகும் ஒலி இங்கே நெஞ்சுக்கூட்டில் நிற்கும். குழந்தைகளுக்குக் காது மூடும் ஹெட்செட் கட்டாயம், பஞ்சு போதாது. புகையும் மெதுவாகத்தான் கலையும். ஆஸ்துமா இருப்பவர்கள் யோசித்துப் போகவும். வளைவுக்கும் இருக்கைக்கும் நடுவே இன்ஸெலில் கிடைக்கும் அந்த நெருக்கம் இங்கே எனக்குக் கிடைக்கவில்லை. எல்லாம் நன்றாகத் தெரிகிறது, ஆனால் ஐஸ் மேலே வந்து விழுவதில்லை.

## பெர்லின்: மாணவர்களுக்கும் கையில் காசு குறைந்தவர்களுக்கும்

வில்மர்ஸ்டார்ஃப் பகுதியில் ஹோர்ஸ்ட் டோம் ஐஸ் மைதானம். நகரம் இரண்டாகப் பிரிந்திருந்த காலத்தில் மேற்குப் பக்கத்தில் கட்டப்பட்டது. குழாய்த் தளம்தான், ஆனால் கூரை இல்லை. இந்த ஆட்டம் ஏரியிலிருந்து அரங்கத்துக்கு வந்த பாதையின் நடுக்கட்டம் இன்னும் அப்படியே நிற்கும் இடம் என்று இதைச் சொல்வேன். அணிகளுக்கான உலகப் போட்டியும் இங்கே நடந்திருக்கிறது.

ஹைடல்பெர்கர் பிளாட்ஸ் நிலையத்தில் இறங்கி நடந்தே போகலாம். விடுதிச் செலவு உங்கள் விருப்பம், நண்பர் வீட்டுச் சோபா போதும். நின்று பார்க்கும் கூட்டத்தில் ஆண்டாண்டாக வரும் பெரியவர்கள் இருப்பார்கள். பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், காதிரோவ் காலத்திலிருந்து தொடங்குவார்கள்.

இங்கே எதிரி சூரியன். பிப்ரவரி கடைசியில் பிற்பகல் வெயில் அடித்தால் தளத்தின் மேல் தண்ணீர் நிற்கும், ஓட்டம் தாமதமாகும். மாலை நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுத்தால் ஐஸ் கெட்டியாக இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் உலகச் சுற்று இங்கே வருவதில்லை, அதனால் அந்த ஆண்டின் அட்டவணையில் பெர்லின் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

## ஸ்ட்ரோம்சுண்ட்: இரண்டாம் தடவை போகிறவருக்கு

வட ஸ்வீடனின் யாம்ட்லாண்ட் பகுதி, ஓஸ்டர்சுண்டுக்கு வடக்கே 100 கிலோமீட்டர் போல. இங்கேயும், கடலோரமாக ஓர்ன்ஷோல்ட்ஸ்விக்கிலும் உலகப் போட்டிக்கான தகுதிச் சுற்றுகள் நடந்திருக்கின்றன. இயற்கை ஐஸ். குழாய் இல்லை, கூரை இல்லை. இரவில் குளிர் உறைய வைத்ததைப் பகலில் ஓட்டுகிறார்கள்.

சோவியத் ஆட்களின் வரிசையை உடைத்தவர்களில் ஸ்வீடன்காரர்கள் முக்கியமானவர்கள். எரிக் ஸ்டென்லுண்ட் 1984-லும் 1988-லும் வென்றார். பெர் ஓலோஃப் செரேனியஸ் 1995-இல் ஒரு பட்டம், ஐம்பது வயதைத் தாண்டியபிறகு 2002-இல் இன்னொரு பட்டம். தொழில் தீயணைப்பு வீரர்! இங்கே ஆட்டம் இன்றும் இப்படிப்பட்ட மனிதர்களின் கையில்தான் இருக்கிறது. வேலை முடிந்து வந்து வண்டி பூட்டுகிறவர்கள், வேனின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு டயரில் ஆணி திருகுகிற அப்பாவும் மகனும். பக்கத்தில் போய் நின்றால் விரட்டமாட்டார்கள். ஒரு டயருக்கு ஆணி திருகுவது பொறுமையின் வேலை. வலப்பக்கம் வளைவதே இல்லை என்பதால் ஆணிகளை இடப்பக்கம் கூட்டி வைப்பதையும், ஒவ்வொன்றின் சாய்வையும் கண்ணால் அளந்து சரிசெய்வதையும் அங்கேதான் நான் முதலில் பார்த்தேன். ஓட்டத்தைவிட அதுதான் எனக்கு இன்னும் நினைவில் நிற்கிறது.

சரி, விலை என்ன? தூரமும் குளிரும். மைனஸ் இருபதில் நான்கு மணி நேரம் நிற்க நகரத்துக் கோட்டு உதவாது. செல்பேசி பேட்டரி ஓர் ஓட்டத்துக்குள் செத்துவிடும். குளிர் வராத ஆண்டில் பந்தயமே இல்லை. ஒரு தடவை வடக்கே ஓர் இயற்கை ஐஸ் பந்தயத்துக்காக இரவு முழுக்க ரயிலில் போய் இறங்கினேன். முந்தின நாள் ஐஸ் இளகிவிட்டதால் நிகழ்ச்சியைத் தள்ளி வைத்திருந்தார்கள். டிக்கெட் பணம் திரும்பி வந்தது, ரயில் பணமும் லீவும் வரவில்லை. அதனால்தான் ஒரே ஒரு பயணம் போகிறவருக்கு இதை நான் சொல்வதில்லை.

## ரஷ்யாவும் அல்மாட்டியும்

உஃபா, தொல்யாத்தி, ஷத்ரின்ஸ்க் போகக் கூடாதா என்று கேட்பவர்களும் உண்டு. ஆட்டத்தின் தாய்வீடு அதுதான், மறுக்கவில்லை. நிகொலாய் க்ராஸ்னிகோவ் 2005 முதல் 2012 வரை தொடர்ந்து எட்டுப் பட்டம் வென்றது அந்த மண்ணின் பள்ளியில் வளர்ந்ததால்தான். ஆனால் 2022 மார்ச்சில் உக்ரைன் போரை ஒட்டி ரஷ்ய, பெலாரஸ் வீரர்களை சம்மேளனம் விலக்கியது. அதன்பிறகு உலகப் போட்டியின் எடை மேற்கே சாய்ந்துவிட்டது. 2023-இல் ஸ்வீடனின் மார்ட்டின் ஹாராஹில்துனென் வென்றார். ஆட்டத்தின் தரம் இறங்கியதா என்றால், முன்வரிசையில் ஒரு வெற்றிடம் இருக்கத்தான் செய்கிறது. அதே சமயம் ஓட்டம் தொடங்குமுன் முடிவு தெரிந்துவிடும் நிலையும் போயிற்று. கஸகஸ்தானின் அல்மாட்டி நகரத்துக்குப் பக்கத்தில் 1,691 மீட்டர் உயரத்தில் இருக்கும் மெதெவ் தளத்திலும் உலகச் சுற்று நடந்திருக்கிறது. மலையழகுக்கு அதற்கு ஈடில்லை, ஆனால் அட்டவணையில் நிரந்தர இடம் இல்லை.

## ஒரே பார்வையில்

| | இன்ஸெல் | ஹீரன்வேன் | பெர்லின் | ஸ்ட்ரோம்சுண்ட் பக்கம் |
|---|---|---|---|---|
| ஐஸ் | செயற்கை, கூரை | செயற்கை, கூரை | செயற்கை, திறந்தவெளி | இயற்கை |
| பந்தயக் காலம் | மார்ச் நடு | மார்ச் கடைசி, ஏப்ரல் | குளிர்காலக் கடைசி | நடுக்குளிர்காலம் |
| நடக்கும் உறுதி | அதிகம் | மிக அதிகம் | வெயிலைப் பொறுத்து | குளிரைப் பொறுத்து |
| வளைவுக்கு நெருக்கம் | நல்லது | சுமார் | நல்லது | மிக நல்லது |
| எதிர்பாராத செலவு | அறை, கடைசிப் பேருந்து | காதுக் காப்பு | தாமதம் | உடுப்பு, ரத்தாகும் அபாயம் |

## கேட்டவர்களுக்கு என் பதில்

ஐந்தோவன்காரருக்கு: இரண்டு சின்னப் பிள்ளைகள் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஹீரன்வேன், சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பிள்ளைகள் திங்கள் பள்ளியில் தூங்கிவிடுவார்கள். காது ஹெட்செட்டை வீட்டிலேயே ஒரு மணி நேரம் போட்டுப் பழக்குங்கள், இல்லையென்றால் இரண்டாவது ஓட்டத்திலேயே கழற்றி எறிவார்கள்.

பெர்லின் தங்கைக்கு: இந்த ஆண்டு உங்கள் ஊரில் பந்தயம் இருந்தால் வேறு எங்கும் போகாதீர்கள், மாலை டிக்கெட் எடுங்கள். இல்லையென்றால் இன்ஸெல். மியூனிக் வரை இரவுப் பேருந்தில் வந்து டிரவுன்ஸ்டைன் ரயில் பிடிக்கலாம்.

ஸ்டாக்ஹோம் அண்ணனுக்கு: நீங்கள் ஏற்கெனவே பாதி வழியில் இருக்கிறீர்கள், குளிருக்கான உடுப்பும் வீட்டில் இருக்கும். நான்கு பேரில் உங்களுக்கு மட்டும்தான் முதல் தடவையே வடக்கே போங்கள் என்று சொல்லத் துணிவேன். காரில் போங்கள், டிக்கெட்டை வியாழக்கிழமை வரை வாங்காதீர்கள். வானிலையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கடைசியாக, கோயம்புத்தூரிலிருந்து எழுதிய தம்பிக்கு: விசா, விமானம் எல்லாம் போட்டு ஒரே வாரம் வருகிறாய். உனக்கு இன்ஸெல்தான். இரண்டு நாளும் பார். சனிக்கிழமை முதல் வளைவில் நில், ஞாயிற்றுக்கிழமை வீரர்கள் வண்டி பூட்டும் இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் விடுகிறார்களோ அவ்வளவு பக்கத்தில் நில். திங்கள் காலை ரயிலுக்கு முன் ஃபிரில்லென்ஸே ஏரிக்கு நடந்து போ, மார்ச்சில் வழி வழுக்கும், நல்ல பூட்ஸ் எடுத்து வா.